இரண்டு கையெழுத்து: ஒரு நன்றி மடல்

எங்கள் மகளிர் குழுக் கணக்கு மென்பொருளுக்குக் கோடு (நிரல்) எழுதியவர்கள், பக் (பிழை) சொன்னவர்கள், போன் போட்டுத் திட்டியவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி நாலு ரோடு பக்கம், வழக்கமான டீக்கடை மாடியில், மென்பொருளை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கான எங்கள் முதல் தேர்தல் நடந்து முடிந்தது. மூன்று பேர் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். இதுவரை தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் அதில் இல்லை. நான் நிற்கவே இல்லை, அதனால் தோற்கவும் இல்லை. 'என்னப்பா, கவுத்துட்டாங்களாமே' என்று விசாரித்த சித்தப்பாவுக்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மகளிர் குழுக்களின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கைத் தமிழில் வைத்துக்கொள்ள உதவும் சின்னக் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று விட்டது, எங்களுடையது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலைக்குப் போகிறவர்கள். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் இந்த வேலை. சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது. ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக ரயிலேறி வந்து கூடுகிற நாளில் போண்டா மட்டும் உண்டு.

முதல் நன்றி பென்னாகரம் பக்கம் மகளிர் குழுவை நடத்தும் ஊக்குநர் அக்காவுக்கு. எதற்கென்று சொல்ல, என் தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒருநாள் ராத்திரி ஒரு பேட்ச், அதாவது மென்பொருளில் சேர்க்கச் சொல்லி ஒரு திருத்தம், வந்தது. கடனுக்கு வட்டியை முழு அசலுக்கும் போடாமல், குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் போடும்படி மாற்றியிருந்தார் ஒருவர். பத்தாயிரம் ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை என்று வையுங்கள். பழைய முறையில் வட்டி 1,000 ரூபாய். புது முறையில் 550. வாங்கியவருக்கு 450 ரூபாய் மிச்சம். நல்லதுதானே என்று பதினொன்றரை மணிக்குச் சேர்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மாற்றங்களைச் சேர்க்கும் சாவி என்னிடம்தானே இருந்தது.

மறுவாரக் கூட்டத்தில் அக்காவின் குழுவில் கணினி ஒரு தொகை சொல்ல, நோட்டு வேறு தொகை சொல்லியிருக்கிறது. பழைய முறைதான் வேண்டும் என்று அந்தக் குழு தானே பேசி முடிவு செய்து வைத்திருந்தது. வட்டியாக வருவது அவர்களின் பொதுப் பணத்தில்தான் சேர்கிறது. அது அவர்கள் கணக்கு. போனில் நான் குறைந்துவரும் பாக்கியின் நியாயத்தை விளக்க ஆரம்பித்தேன். அக்கா முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரியா தப்பாங்கிறத அப்புறம் பேசலாம் தம்பி. இத எந்தத் தீர்மானத்துல எழுதுனீங்க?"

பதில் இல்லை. எங்களிடம் தீர்மானமே கிடையாது. தீர்மான நோட்டும் கிடையாது.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே நம் ஊரில்தான். 1989-ல், கிருஷ்ணகிரி இன்னும் பிரியாத பழைய தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. வாராவாரம் கூடுவது, வராதவருக்கு அபராதம், பேசியதை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது, வங்கியில் ஒரு கையெழுத்துக்குப் பணம் கிடைக்காமல் இருப்பது என்று இத்தனையும் பழகிய பெண்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த நாங்கள், எங்கள் வீட்டை ஒரே ஆள் கையில் விட்டிருந்தோம். எனக்கு ஒரு மாசம் காய்ச்சல் வந்திருந்தால் எல்லாம் படுத்திருக்கும். உண்மையில் ஒருமுறை படுத்தது.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கி வந்து மேசையில் வைத்தார். முதல் தீர்மானம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது: பணக் கணக்கைத் தொடும் எந்த மாற்றமும் இருவர் ஒப்புதல் இல்லாமல் சேராது. சர்வர் சாவியும் இரண்டு பேரிடம்.

அடுத்த நன்றி ஓசூர்த் தங்கைக்கு. தன்னார்வலர்கள் சேர்ந்து கணினி இயங்குதளம் உருவாக்கும் டெபியன் திட்டத்தின் சாசனத்தை முழுக்கப் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னவர். 1998-ல் ஏற்றுக்கொண்ட சாசனம் அது. தலைவரின் பதவிக்காலம் ஒரு வருஷம். வாக்குச்சீட்டில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எழுதலாம். 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்பதும் சீட்டில் ஒரு வேட்பாளர் மாதிரி நிற்கும். எங்களுக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு விதி. திட்டத்துக்காக யாரும் வேலை செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது. அதைக் கேட்டபோதுதான் மகளிர் குழு வழக்கத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று புரிந்தது. கூட்டத்துக்கு வராதவருக்கு இருபது ரூபாய் அபராதம் என்று நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அங்கே குழுவில் அவரவர் பணம் கிடக்கிறது, அபராதம் செல்லும். இங்கே வருகிறவர் தருவது தன் தூக்கத்தை. அதற்கு மேல் அபராதமும் கேட்டால் யார் வருவார்? அந்த வரியை அடித்தோம்.

அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்புக்காரர்கள் வழக்கத்தில் ஒரு முடிவுக்கு 72 மணி நேரமாவது காத்திருப்பார்கள். அதையும் தங்கைதான் கொண்டுவந்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க குழு கூடுறது வாரத்துக்கு ஒருநாள். மூணு நாள்ல நான் யாரக் கேட்பேன்?" என்றார். ஏழு நாளாக்கினோம். பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018-ல் தலைமையை விட்டு விலகியதையும், அடுத்த வருஷம் ஐந்து பேர் கொண்ட குழு தேர்வானதையும் பற்றி அன்று நிறைய பேசினோம். நான் விலக முடிவெடுத்தது அந்தப் பேச்சில்தான். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு ஒரு தனி வணக்கம். மென்பொருள் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்றால் என்ன என்று கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் நன்கொடைக் கணக்கைக் காட்டு என்று மட்டும் விடாமல் கேட்டார். நான் இழுத்தடித்தபோது உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்தார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதியில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழ முடியாது, அவன் உறவுக்காரர்கள் பெயரும் விழாது. "உன் மச்சானும் நிக்க முடியாது, பார்த்துக்கோ" என்றார். மச்சானுக்கு இந்த மென்பொருளின் பெயர்கூடத் தெரியாது. இருந்தாலும் அந்த வாரமே கணக்கைக் கொடுத்துவிட்டேன். இரண்டு விதியில் ஒன்றை எடுத்துக்கொண்டோம்: கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. உறவினர் சங்கதியை விட்டுவிட்டோம். இந்தப் பக்கம் யார்தான் யாருக்குச் சொந்தமில்லை?

வட்டி விவகாரத்தில் கோபித்துக்கொண்டு பிரிந்து போன காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கும் நன்றி. பேட்ச் அவருடையது. திருப்பி எடுத்தபோது மனசு கசந்துவிட்டது. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கோடை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம், நகலெடுத்துக்கொண்டு தனிக் கிளையாகப் போனார். பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள் போல முதல் சில மாதம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள், தேதியைத் தப்பாக எடுக்கும் ஒரு பக்கைத் தன் கிளையில் சரிசெய்துவிட்டு, எங்களுக்கும் அனுப்பினார். கூடவே ஒரே வரி: 'உங்களுக்கும் இருக்கும், பாருங்க.' இருந்தது. அவர் கேட்ட வட்டி முறையை இப்போது குழுக்கள் தாங்களே தேர்வு செய்துகொள்ளலாம். அந்தத் தீர்மானம் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது தம்பி, உன் பெயர் போட்டே எழுதியிருக்கிறோம்.

சாவி கேட்டு அவசரப்படுத்தாமல், இரண்டு வருஷம் மொழிபெயர்ப்பும் பரிசோதனையும் மட்டும் செய்துகொண்டிருந்த நண்பர்களையும் நினைக்கிறேன். 2024-ல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் மென்பொருளில் நடந்தது நமக்குத் தெரியும். சோர்ந்துபோன ஒற்றைப் பராமரிப்பாளரை நெருக்கி, உதவிக்கு வந்தவர்போல் நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் கள்ளக் கதவு வைத்தார்கள். நானும் சோர்ந்துதான் இருந்தேன். என்னைச் சுற்றி நீங்கள் இருந்தீர்கள்.

மாடியை வாடகையில்லாமல் தரும் டீக்கடை அண்ணனுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி. இரண்டாவது நன்றியை நேரில் சொன்னால் போதாது, எழுதித் தா என்று உத்தரவு. எழுதிவிட்டேன்.

சாவிகளைப் புதிய பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தாயிற்று. ஒரே ஒரு பாக்கி இருக்கிறது. அந்த நோட்டின் விலை அறுபது ரூபாயை அக்கா இன்றுவரை வாங்கிக்கொள்ளவில்லை. நன்கொடை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "நீங்களா எழுதாதீங்க. அடுத்த கூட்டத்துல வச்சுத் தீர்மானம் போடுங்க" என்கிறார்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் பராமரிப்பாளர்,
தர்மபுரி