பஸ் நிறுத்தத்தை நகர்த்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அறக்கட்டளை நண்பர்களுக்கும், நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் அவர்களுக்கும், பள்ளி வாசலில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் எங்கள் பாட்டிக்கும் வணக்கம்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் எழுதுகிறேன். மேடை போட்டு நன்றி சொல்கிறோம் என்றோம்; வேண்டாம் என்றீர்கள். சால்வையும் வேண்டாம். பெயர்ப்பலகையாவது வைக்கிறோம் என்றதற்கு, "அதுவும் பிள்ளைகளை மறைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆகவே பெயர் போடாமலே இந்த மடல்.

உடுமலையிலிருந்து பல்லடம் போகும் சாலையில் வந்துபோகிறவர்களுக்கு எங்கள் கவலை புரியும். விடியும்போது கறிக்கோழி லாரிகள், எட்டரை மணிக்கு நூல் மில் வேன்கள், அவற்றை முந்தத் துடிக்கும் கார்கள். நடுவே பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், தான் இறங்கிய பஸ்ஸின் முன்பக்கமாகச் சாலையைக் கடந்தான். பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த கார் அவன்மேல் மோதியது. தொடை எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தான். இப்போது ஓடக்கூடச் செய்கிறான், கொஞ்சம் சாய்ந்தபடி.

மறுநாள் இரவே ஊர் கூடி, சல்லியும் சிமெண்டும் கொட்டி, யாரையும் கேட்காமல் நாங்களே ஒரு வேகத்தடை போட்டோம். பெருமையாகத்தான் இருந்தது. பத்தாம் நாள், இரவு வேலை முடிந்து மொபெட்டில் வந்த பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் அது தெரியாமல் ஏறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவரிடம் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன். நன்றி மடலில் மன்னிப்பு எதற்கு என்றார் எங்கள் தலைமையாசிரியர். இருக்கட்டும் என்றேன்.

அறக்கட்டளை நண்பர்களே, நீங்கள் வந்த முதல் மூன்று நாளும் எதுவுமே செய்யவில்லை. உங்கள் பொறியாளர் பெண் புளியமரத்தடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பணம் கொடுக்க வந்தவர்கள் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறார்களே என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. நான்காம் நாள் காலை அவர் பள்ளி வாசலில் முட்டிபோட்டு நின்றார். "நீங்களும் வாருங்கள் அக்கா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள்" என்றார். புடவையைச் செருகிக்கொண்டு நானும் முட்டிபோட்டேன். பஸ் சக்கரம் தெரிந்தது. சீமைக் கருவேலம் புதர் தெரிந்தது. பாட்டி கடையின் தார்ப்பாய் தெரிந்தது. சாலை மட்டும் தெரியவில்லை. நான் படித்ததும் இதே பள்ளியில்தான். தினமும் கடந்த வாசல்தான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும் என்று வாயால் சொல்லியிருந்தால் எங்களுக்கு எட்டியிருக்காது. மைதானத்தில் டேப் பிடித்து 17 மீட்டருக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து "இப்போது" என்றார். ஒரு நொடி கழித்து மறுபடியும் "இப்போது". அதற்குள் அங்கிருந்து இங்கே வந்துவிடுமாம். அம்மாக்கள் யாரும் பேசவில்லை.

அதன் பிறகுதான் அனுமதிக்கு அலைந்த கதை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்று 2017 நவம்பர் 30 அன்று உத்தரவானது. நான் முகம் பார்த்திராத அந்த மருத்துவருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு. எங்கள் மனு போய்ச் சேர்ந்த இடம் அப்படிப்பட்ட ஒரு குழுதான். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள், விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் என்று உங்கள் பொறியாளர் பெண் தொடங்கினார். நான் எங்கள் பையனின் எக்ஸ்ரே படத்தை எடுத்துப் போயிருந்தேன். எதற்கு அசைந்தார்கள் என்று தெரியாது, அசைந்தார்கள்.

நாங்கள் கேட்டது ஒரு வேகத்தடை. நீங்கள் செய்தது பஸ் நிறுத்தத்தை, பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கு அப்பால் தள்ளிவைத்தது. இப்போது பஸ் கடந்து போய் நிற்கிறது. பிள்ளைகள் அதன் பின்பக்கமாகக் கடக்கிறார்கள். வருகிற வண்டிக்கு அவர்கள் தெரிகிறார்கள். இவ்வளவு எளிதானது எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லையே என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. வேகத்தடையும் வந்தது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு சொன்ன அளவில்: 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் உடம்பு அதிராமல் ஏறி இறங்கலாம். நாங்கள் கொட்டியது, இப்போது நினைத்தால், வேகத்தடை அல்ல, வரப்பு. புதரை வெட்டினீர்கள், வாசலில் கம்பித் தடுப்பு வைத்தீர்கள், செலவுக் கணக்கைப் பள்ளிச் சுவரிலேயே ஒட்டினீர்கள்.

பாட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையைப் பத்தடி உள்ளே தள்ளச் சொன்னபோது யாரும் அவருக்கு ஈடு எதுவும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் வாங்கும் வெற்றிலை பாக்கு வியாபாரம் அன்றோடு போயிற்று. "போனால் போகட்டும் அம்மணி, முறுக்கு வாங்குவது பிள்ளைகள்தானே" என்று தார்ப்பாயைத் தானே சுருட்டினார். புது நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும் என்று முதல் வாரம் முழுக்கத் தொண்டை கட்டக் கத்திய டவுன் பஸ் கண்டக்டர்கள், காலையும் மாலையும் வந்து நின்ற இரண்டு காவலர்கள், தங்கள் ஓட்டுநர்களை ஒரு நாள் அந்த 17 மீட்டரைப் பார்க்க அனுப்பிய மில் மேலாளர் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஒரு சிறு வேண்டுகோள். வெள்ளைக் கோடுகள் மங்கத் தொடங்கிவிட்டன. பெற்றோர்களே பணம் போட்டு பெயிண்ட் வாங்கிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை அடிக்கலாம் என்று உத்தேசம். இந்த முறை உதவிப் பொறியாளரைக் கேட்டுவிட்டோம். சரி என்றார், ஆனால் அளவு பிசகக் கூடாதாம். நீங்கள் கொடுத்த அளவுத் தாளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் இன்னொரு பிரதி அனுப்பிவையுங்கள்.