மயக்கவியல் மருத்துவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இரண்டைத் தவிர எல்லாம் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது, உடல் நிறை குறியீட்டெண் (BMI) 40-ஐத் தாண்டிய மிகப் பருமனானவர்களுக்கு அறுவை சிகிச்சையின் நடுவே இதய எக்கோ, அதாவது ஒலியலையால் இதயப் படம், எடுப்பது பற்றிய பேச்சுதான்.

உறுப்பினர் ஒருவரின் அனுபவம் அதைத் தொடங்கிவைத்தது. லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவையில் வயிற்றுக்குள் வாயுவை நிரப்பித் தலைப்பக்கத்தை உயர்த்தியதும் ரத்த அழுத்தம் சரிந்தது. மார்பில் புரோபை (ஒலியலை அனுப்பிப் படம் பிடிக்கும் கருவி) வைத்தால் திரையில் வெறும் சாம்பல் மூட்டம். கொழுப்பு ஒலியலையைத் தின்றுவிடுகிறது. அதிர்வெண்ணைக் குறைத்தால் அலை ஆழமாகச் செல்லும், ஆனால் படத்தின் நுணுக்கம் போய்விடும். படம் தெளிய நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கவும் வழியில்லை. உணவுக்குழாய் வழியாகப் புரோபை இறக்கினார். இடது மேலறைக்கு நேர் பின்னால் போய் நின்றதும் மார்புச் சுவரின் தடிமன் ஒரு பொருட்டாகவே இல்லை. இடது கீழறை விரியும் நேரத்திலும் சிறுத்தே கிடந்தது; இதயத்துக்கு வந்து சேரும் ரத்தம்தான் போதவில்லை. இதயத்துக்குத் தெம்பூட்டும் மருந்துக்குக் கை நீட்டியிருந்தவர், மேஜையைச் சமமாக்கச் சொல்லித் திரவம் ஏற்றினார்.

படப் பயிற்சி நாளில் நான் உட்படப் பலர் ஏமாந்தோம். இதயத்தைச் சுற்றியிருந்த கொழுப்பை நீர் என்று படித்தோம். கொழுப்பு இதயத்தோடு சேர்ந்து அசையும், உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரியும். மேலறைத் தடுப்புச் சுவரில் கொழுப்பு திரண்டு நடுக்குழி மட்டும் மெலிந்திருந்த இன்னொரு படத்தைக் கட்டி என்றே சிலர் எழுதிக் கொடுத்தார்கள்.

பருமனான எல்லோருக்கும் உணவுக்குழாய் எக்கோ வேண்டும் என்ற யோசனை தோற்றது, தோற்றதும் சரியே. உணவுக்குழாய்ச் சுருக்கமும் முந்தைய இரைப்பை அறுவையும் உண்டா என்று கேட்காமல் புரோபைத் தொடக்கூடாது. இரைப்பைக் குறைப்பு அறுவையில், இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்லர் கடிக்கும் முன், இரைப்பையின் அகலத்தை அளவிட உள்ளே விடும் அளவுக்குழாய் தவிர மற்றக் குழாய், புரோப் எல்லாம் இரைப்பையிலிருந்து வெளியேறிவிட்டதா என்று அறுவை மருத்துவர் கேட்க, நாம் வாய்விட்டுப் பதில் சொல்வதென முடிவானது. தலையசைப்பு செல்லாது.

அறுவைக்கு முந்தைய அறிக்கையில் ‘படம் தெளிவில்லை’ என்றிருப்பதை ‘இதயம் நன்று’ என்று படிப்பது குறித்த விவாதம் முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் தொடரும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் அன்று வரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்