ஹோவர்ட் மேடையில் வேலை செய்யப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கறுப்பின மக்களின் நாடக, நடன மரபுகளைக் கொண்டாடும் மாலை ஒன்றை வாஷிங்டனில் உள்ள உங்கள் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் பிப்ரவரியில் நடத்தவிருப்பதையும், அதன் ஏற்பாட்டுக் குழுவில் உன்னையும் சேர்த்துக்கொண்டதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். பொதுச் சுகாதாரம் படிக்கப் போன பெண்ணை மேடை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகள் உன்னைத் தங்களோடு ஒருத்தியாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். நிகழ்ச்சியில் எவையெல்லாம் இடம்பெறலாம் என்று கேட்டிருக்கிறாய். கல்லூரியில் அமெரிக்க வரலாறு கற்பித்த காலம் முழுவதும் எனக்கு மிகவும் நெருக்கமாக இருந்த பகுதி இதுதான் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த மரபைக் கொண்டாடுவதானால் அதற்குள் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வாதத்தையும் சேர்த்துத்தான் கொண்டாட வேண்டும் என்பது என் எண்ணம். மேடையில் யார் நிற்பது, இருக்கையில் யார் அமர்வது, கதை எந்தப் பேச்சில் சொல்லப்படுவது, அதைத் தீர்மானிப்பவர் யார் ஆகிய கேள்விகளுக்காகவே அந்தக் கலைஞர்கள் வாழ்நாளைச் செலவிட்டார்கள். அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் எடுத்துவைத்தால் பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் எதைப் பார்த்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இருக்கையின் கதை 1821-ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. கப்பலில் பணியாற்றி ஓய்வுபெற்ற வில்லியம் அலெக்சாண்டர் பிரவுன் என்ற கறுப்பினத்தவர் நியூயார்க்கில் ‘ஆஃப்ரிக்கன் குரோவ்’ என்ற அரங்கை அந்த ஆண்டில் தொடங்கினார். அடிமை முறை அந்த மாநிலத்தில் இன்னும் முழுமையாக ஒழிந்திராத காலம் அது. அங்கே ஜேம்ஸ் ஹியூலெட் என்ற நடிகர் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக நடித்தார். வேடிக்கை பார்க்க வந்த வெள்ளையருக்கு அரங்கின் பின்பகுதியில் தனியிடம் ஒதுக்கினார்கள். கலகக்காரர்களின் தாக்குதலும் காவலர்களின் நெருக்கடியும் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் அந்த அரங்கை இல்லாமல் செய்துவிட்டன. அந்த வட்டத்திலிருந்து கிளம்பிய ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற இளைஞர் 1824-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1833-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நின்றார். ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்று, 1867-இல் போலந்தின் ஊட்ஜ் நகரில் இறந்தார். உன் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே 1867-இல்தான். உங்கள் வளாகத்தில் உள்ள நாடக அரங்குக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். சொந்த நாட்டின் பெரிய மேடைகள் எதிலும் இடம்பெறாமல் போன ஒருவருக்கு நாட்டின் தலைநகரில் இருக்கும் நினைவிடம் என்று அந்தக் கட்டடத்தை நான் கருதுகிறேன்.

ஆல்ட்ரிட்ஜ் கடல் கடந்த சில ஆண்டுகளுக்குள், தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ‘ஜிம் குரோ’ என்ற கேலிப் பாத்திரமாக ஆடிப் பெரும்பணம் சம்பாதித்தார். இனப்பாகுபாட்டுச் சட்டங்களுக்கே பின்னாளில் அந்தப் பாத்திரத்தின் பெயர் நிலைத்துவிட்டது. கறுப்பினக் கலைஞர்கள் நாட்டின் பெரிய மேடைகளில் ஏறுவதற்கு முன்பே அவர்களைப் பற்றிய பொய் அங்கே ஏறிவிட்டது என்பதை மறவாதே. பின்னால் வந்த ஒவ்வொருவரும் அந்தப் பொய்யைத் தள்ளிவிட்டுத்தான் தங்களுக்கு நிற்க இடம் உண்டாக்க வேண்டியிருந்தது.

ஹோவர்டின் பங்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1916-இல் ஆஞ்சலினா வெல்ட் கிரிம்கே எழுதிய ‘ரேச்சல்’ என்ற நாடகம் வாஷிங்டனில் அரங்கேறியது. தந்தையும் அண்ணனும் வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டதை அறிந்த ஒரு பெண், இந்த நாட்டில் பிள்ளை பெறுவதில்லை என்று முடிவுசெய்வதே அதன் கதை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தினுடைய நாடகக் குழு அதை மேடையேற்றியது. அந்தக் குழுவோடு தொடர்புகொண்டிருந்த ஹோவர்ட் பேராசிரியர்கள் அலைன் லாக், மான்ட்கோமரி கிரெகரி இருவருக்கும் அது உடன்பாடாக இல்லை. நாடகம் பிரசாரமாகிவிடக் கூடாது, முறையான பயிற்சியில் வளர்ந்த கலையாக இருக்க வேண்டும், அந்தப் பயிற்சியைத் தரக்கூடிய இடம் பல்கலைக்கழகம்தான் என்பது அவர்கள் கொள்கை. ‘ஹோவர்ட் பிளேயர்ஸ்’ என்ற மாணவர் நாடகக் குழு அந்தக் கொள்கையில்தான் வேரூன்றியது. எதிர்ப்பக்கத்தில் கறுப்பின அறிஞரும் அந்த உரிமைச் சங்கத்தின் இதழாசிரியருமான டுபாய்ஸ் இருந்தார். கறுப்பின நாடகம் நம்மைப் பற்றியதாகவும், நம்மால் எழுதப்பட்டதாகவும், நமக்கானதாகவும், நம் மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலும் இருக்க வேண்டும் என்று 1926-இல் ‘தி கிரைசிஸ்’ இதழில் அவர் எழுதினார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு நூலகத்தின் நிலவறையிலேயே நாடகமும் நடத்திக்காட்டினார்.

இந்த இருவரில் யார் பக்கம் என்று கேட்டால், பயிற்சி என்ற விஷயத்தில் லாக் பக்கமும், பார்வையாளர் என்ற விஷயத்தில் டுபாய்ஸ் பக்கமும் நான் நிற்பேன். திறமை பயிற்சியில்லாமல் நிலைக்காது. ஆனால் நாடகம் யார் வாழ்க்கையைப் பேசுகிறதோ அவர்கள் வந்து உட்கார முடியாத இடத்தில் நடந்தால், எவ்வளவு தேர்ந்த நடிப்பாக இருந்தாலும் அதில் பாதி பயன் போய்விடுகிறது. கிரிம்கேயைப் பிரசாரக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவதும் எனக்கு ஏற்பில்லை. கும்பல் கொலைகள் நடந்துகொண்டிருந்த நாட்டில் ஒரு பெண் அவற்றைப் பற்றி மேடையில் அழுதது குறையாகாது.

உட்கார முடியாத இடம் என்று நான் சொன்னதற்கு வாஷிங்டனே சாட்சி. வெள்ளை மாளிகையிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில் உள்ள நேஷனல் தியேட்டரில் கறுப்பினத்தவர் மேடையில் நடிக்கலாம், பார்வையாளராக வந்து அமரக் கூடாது என்பது அந்நாளைய வழக்கம். ‘போர்கி அண்ட் பெஸ்’ இசைநாடகத்தில் போர்கியாக முதன்முதலில் பாடிய டாட் டங்கன் ஹோவர்டில் இசை கற்பித்தவர். 1936-இல் அந்த நாடகம் நேஷனல் தியேட்டருக்கு வந்தபோது, எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கை கொடுத்தால்தான் பாடுவோம் என்று அவரும் பெஸ்ஸாக நடித்த ஆன் பிரவுனும் உறுதியாக நின்றார்கள். நிர்வாகம் அந்த நாடகம் நடந்த நாள்களுக்கு மட்டும் இறங்கி வந்தது. நாடகம் போனதும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. 1948-இல் நடிகர் சங்கமே இந்தப் பாகுபாடு உள்ள அரங்கில் நடிக்க மாட்டோம் என்று மறுத்தது. கறுப்பினத்தவரை உள்ளே விடுவதைவிட நாடகத்தையே நிறுத்துவது மேல் என்று முடிவுசெய்து, அந்த அரங்கைத் திரைப்படக் கொட்டகையாக மாற்றினார்கள். 1952-இல்தான் எல்லோருக்குமான நாடக அரங்காக அது மறுபடி திறந்தது.

இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த செய்தியைப் படி. 1949-இல், அதாவது நேஷனல் தியேட்டரில் நாடகம் நின்றுபோயிருந்த நேரத்தில், ஆன் குக், ஓவன் டாட்சன் முதலிய ஆசிரியர்களின் தலைமையில் ஹோவர்ட் மாணவர்கள் நார்வே அரசின் அழைப்பை ஏற்று அந்நாட்டுக்குப் போய், இப்சனின் ‘காட்டு வாத்து’ நாடகத்தை இப்சனின் மண்ணிலேயே நடித்துக்காட்டினார்கள். டென்மார்க்கும் ஸ்வீடனும் ஜெர்மனியும் அவர்களைப் பார்த்தன. சொந்தத் தலைநகரின் முதன்மை அரங்கில் நுழைவுச்சீட்டு வாங்க முடியாத பிள்ளைகள் அவர்கள். உங்கள் நிகழ்ச்சியில் ஒரே ஒரு வரலாற்றுக் காட்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் வைக்கச் சொல்வேன். அதே 1949-இல் ஹோவர்டில் சேர்ந்து, அந்தக் குழுவோடு தென்மாநிலங்களுக்கு நடிக்கப் போன மாணவி ஒருத்தி பின்னாளில் டோனி மாரிசன் என்ற பெயரில் நோபல் பரிசு பெற்றார்.

பேச்சு மொழியைப் பற்றிய வாதமும் ஹோவர்டிலேயே நடந்தது. ஜேம்ஸ் பால்ட்வினின் ‘தி ஆமென் கார்னர்’ நாடகம் 1955-இல் டாட்சனின் இயக்கத்தில் முதன்முதலாக அரங்கேறியது உங்கள் வளாகத்தில்தான். ஹார்லெமின் ஒரு சிறு தேவாலயத்தில் மக்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே அதில் பேசுகிறார்கள். திருத்தமான ஆங்கில உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கப் பாடுபட்டுவந்த ஆசிரியர்கள் சிலருக்கு அது கலக்கத்தைத் தந்தது. அந்தக் கலக்கத்தை நான் இகழ மாட்டேன். கரி பூசிய முகங்கள் ஒரு நூற்றாண்டாக அந்தப் பேச்சைக் கேலிசெய்து சிரிக்கவைத்திருந்த நாட்டில், அதே பேச்சை மேடையில் கேட்கும்போது அச்சம் வருவது இயல்பு. ஆனாலும் பால்ட்வினும் டாட்சனும் அதைக் கேலிக்காரர்களிடமிருந்து மீட்டெடுத்தார்கள். அந்த நாடகம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயை எட்ட மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

நடனத்துக்கு வருகிறேன். 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்படுத்தப்பட்டோர் பறையொலியோடு கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை நசுக்கிய பிறகு, 1740-இல் கொண்டுவந்த சட்டத்தில் முரசையும் கொம்பையும் அவர்கள் வைத்திருப்பதற்கே தடை போட்டார்கள். தாளக்கருவியைப் பறித்தபோது உடம்பே கருவியாயிற்று. தொடையிலும் மார்பிலும் தட்டித் தாளம் எழுப்பும் ‘ஜூபா’ ஆட்டம் அவர்கள் உழைத்த பண்ணைத் தோட்டங்களில் வளர்ந்தது. ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத் தீவுகளில் வழிபாட்டின்போது வட்டமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஒரு காலை மறு காலின் குறுக்கே வைக்காமல் இழுத்து இழுத்து நகர்வார்கள். கால் குறுக்கே போனால்தான் அது ஆட்டம், போகாவிட்டால் வழிபாடு என்று வகுத்துக்கொண்டு, நடனத்தைப் பாவம் என்று கருதிய சபையின் கண் முன்னாலேயே அதைக் காப்பாற்றி வைத்தார்கள். ‘ரிங் ஷவுட்’ என்ற அந்த வழிபாட்டு ஆட்டம் இன்றும் அழியவில்லை.

உன் தோழிகள் வளாகத்தின் புல்வெளியில் வரிசையாக நின்று காலால் தரையை உதைத்து, கையால் தொடையைத் தட்டி ஆடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த ‘ஸ்டெப்பிங்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கறுப்பின மாணவ, மாணவியர் சங்கங்கள் இருபதாம் நூற்றாண்டில் அதை வளர்த்தெடுத்தன. அவற்றில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908-இலும் டெல்டா சிக்மா தீட்டா 1913-இலும் ஹோவர்டிலேயே பிறந்தவை. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸில் தட்டி ஆடிய ஆட்டத்தைக் கண்ட ஹோவர்ட் பட்டதாரி பிரையன் வில்லியம்ஸ், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையால் ஈர்க்கப்பட்டு, சொவெட்டோ கலைஞர்களோடு சேர்ந்து 1994-இல் ‘ஸ்டெப் ஆஃப்ரிக்கா’ குழுவைத் தொடங்கினார். நிகழ்ச்சியில் ஸ்டெப்பிங் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை இடைவேளைக்கு முன் ஆரவாரத்துக்காகச் செருகாமல், 1740-ஆம் ஆண்டுத் தடையை யாராவது இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்ன பிறகு ஆடவைத்தால், அந்தக் காலோசை பார்ப்பவர்களுக்கு வேறு விதமாகக் கேட்கும்.

ஆட்டத்தையும் ஆராய்ச்சியையும் ஒன்றாகவே செய்த இரு பெண்களையும் விட்டுவிடாதே. கேத்தரின் டன்ஹம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். 1935-இல் உதவித்தொகையோடு ஹைதி, ஜமைக்கா முதலிய தீவுகளுக்குப் போய், அங்குள்ள மக்களோடு ஆடியே அவர்களின் ஆட்டங்களைக் கற்றார். 1944-இல் லூயிவில் நகரில் நிகழ்ச்சி முடிந்ததும், பார்வையாளரை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் ஒழியும் வரை இங்கே மீண்டும் ஆட மாட்டேன் என்று மேடையிலிருந்தே அறிவித்தார். டிரினிடாடில் பிறந்த பேர்ல் பிரைமஸ் உயிரியல் பட்டம் பெற்றும், நிறத்தின் காரணமாக ஆய்வகங்களில் வேலை கிடைக்காமல் நடனத்துக்கு வந்தவர். 1944-இல் தென்மாநிலங்களுக்குப் போய்ப் பருத்தி பறிக்கும் குடியானவர்களோடு வாழ்ந்து அவர்களின் உடலசைவுகளைக் கவனித்தார். 1978-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆய்வு செய்யப் பழகிவரும் உனக்கு, கள ஆய்வு என்பதை இவர்களைவிட முழுமையாகச் செய்தவர்களை என்னால் காட்ட முடியாது.

பல்கலைக்கழகமே இந்தக் கலைகளை எப்போதும் தாங்கிப்பிடித்தது என்று மேடையில் யாரேனும் பேசினால் அது உண்மையாகாது. ஹோவர்டின் நுண்கலைக் கல்லூரியை 1990-களின் இறுதியில் தனிக் கல்லூரி என்ற தகுதியிலிருந்து நீக்கி, கலை, அறிவியல் கல்லூரிக்குள் இணைத்துவிட்டார்கள். அதை எதிர்த்துப் போராடிய மாணவர்களில் சாட்விக் போஸ்மன் ஒருவர். உலகப் புகழ் பெற்ற நடிகராகி, 2020-இல் அவர் இறந்த பிறகு, 2021-இல் அந்தக் கல்லூரி மறுபடி தனித்து நிறுவப்பட்டு அவருடைய பெயரைத் தாங்கியது. மாணவராக இருந்தபோது அவருக்குக் கற்பித்தவரும் ஹோவர்டில் படித்தவருமான ஃபிலீசியா ரஷாத் அதன் தலைவராக வந்தார். பெயர்ப்பலகையைக் காட்டும்போது போராட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உன் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். இது உன் தோழிகளின் முன்னோர் சொத்து. நீ அங்கே மதிப்போடு அழைக்கப்பட்ட விருந்தாளி. ஆகவே மேடையில் நடுவில் நிற்க ஆசைப்படாமல், நாற்காலி போடுவது, விளக்கு, வாசலில் வரவேற்பு ஆகிய வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள். குழுவில் பேச வாய்ப்பு வரும்போது இரண்டு விஷயங்களை மட்டும் வலியுறுத்து. ஒன்று, ஜார்ஜியா அவென்யூவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நீண்டகாலமாக வாழும் குடும்பங்களுக்கு முன்வரிசையில் இலவச இருக்கை வேண்டும். அழைப்பிதழை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க நீயே முன்வரலாம். மற்றொன்று, முரசு வாசிக்க வருபவர்களுக்கும் தேவாலயப் பாடகர்களுக்கும் நடிகர்களுக்கு இணையாகப் பெயர் அச்சிட வேண்டும், பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும். பணம் போதவில்லை என்று குழுவினர் தயங்கினால் எனக்கு உடனே எழுது. உன் அப்பாவும் நானும் எங்களால் இயன்றதை அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மா