அந்தத் தாள் கேட்காத கேள்வி

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் "மீட்டிங் இருக்கு நைனா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி தூக்கம் வருகிறதா?

முதலில் மணியைக் கோபித்துக்கொள்ளாதே. அவனாக வந்து சொல்லவில்லை, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நீ போனில் ஏதோ டெஸ்ட் எழுதினாயாம், ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று வந்ததாம். பிறகு போய்ப் பார்த்த கவுன்சலரும் இருக்கலாம் என்றாராம், கூடவே சோஷியல் ஆங்சைட்டியும் என்றாராம். அடுத்தது மாத்திரைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறாயாம். இவ்வளவுதான் சொன்னான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தம்பியிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது, என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. சரி, அதை விடு.

நான் டாக்டர் இல்லை. ஆனால் என் உத்தியோகம் முழுக்க வியாதிப் பெயர்களோடுதான் போனது. டிஸ்சார்ஜ் ஆன சார்ட்டெல்லாம் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும். டாக்டர் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியிருக்கும் வியாதியைப் படித்து, உலக சுகாதார நிறுவனத்தின் தடிப் புத்தகத்தில் தேடி, அதற்குரிய எண்ணை மேல் மூலையில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஒன்பதாம் பதிப்பில் வெறும் எண், பத்தாம் பதிப்பில் முன்னால் ஓர் எழுத்து சேர்ந்தது. மனநோய் என்றால் எஃப். எஃப் 20 ஸ்கிஸோஃப்ரீனியா, எஃப் 32 மனச்சோர்வு, எஃப் 90 உன் கவுன்சலர் சொன்னது. பதிப்பு மாறும்போது பழைய பெயர் காணாமல் போகும், புதுப் பெயர் முளைக்கும். எலும்பு முறிவுக்கு அவ்வளவு மாறாது, மனசுக்கு மட்டும் நிறைய மாறும். அப்போதிருந்தே இந்த விஷயத்தில் எங்கே என்ன வந்தாலும் விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1952-ல் போட்ட முதல் கையேடு ஏறக்குறைய 130 பக்கம். 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு 900 பக்கத்தைத் தாண்டிவிட்டது. மனுஷன் மனசு அறுபது வருஷத்தில் அவ்வளவு கெட்டுப்போயிருக்குமா? அந்த நாட்டிலேயே 1851-ல் கார்ட்ரைட் என்று ஒரு டாக்டர், அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று எழுதிவைத்தார். சாட்டைக்குப் பயந்து ஓடுகிறவனுக்கு வியாதியாம்! ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நேசிப்பதை வியாதிப் பட்டியலில் வைத்திருந்து 1973-ல் எடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் எடுக்க 1990 ஆயிற்று. அதுவரை அந்த எண்ணைத் தலையில் சுமந்தவர்கள் எத்தனை பேர்! அந்த அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு 1994-ல் வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்த ஆலன் ஃப்ரான்சிஸ் என்பவரே, ஐந்தாம் பதிப்பு சாதாரண வாழ்க்கையின் கஷ்டங்களை எல்லாம் வியாதியாக்குகிறது என்று வெளிப்படையாகச் சண்டை போட்டார். ஆக, இது உன் நைனா பழைய காலத்து மனுஷனாக இருந்து கிளப்புகிற சந்தேகம் இல்லை.

அதற்காக டாக்டரிடம் போகாதே என்று சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். பொன்னை மாமா விஷயம் உனக்குத் தெரியும். அவருக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தபோது காத்து, கருப்பு என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். சோளிங்கரில் தக்கான் குளத்தில் முழுகி மலையேறினால் தெளியும் என்று அத்தை அங்கேயே அவரோடு தங்கினாள். அங்கே அவரை யாரும் கேலி செய்யவில்லை, பக்கத்தில் தங்கியிருந்தவர்கள் சோறு கொடுத்தார்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் குரல் நிற்கவில்லை. இங்கே பாகாயத்துக்குக் கூட்டிப்போன பிறகுதான் வியாதியின் பெயர் தெரிந்தது. 1957-ல் தொடங்கிய அந்த மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டு ஆளும் கூடத் தங்குவதுதான் முறை. அத்தை அங்கேயே சமைத்து, அவருக்கு ஊட்டி, எந்த மாத்திரை எப்போது என்று கற்றுக்கொண்டு வந்தாள். மாமா மறுபடியும் கழனிக்குப் போனார். நீ பார்த்த மாமா அந்த மாமாதான். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி தீப்பிடித்தபோது சங்கிலியோடு வெந்துபோன 28 பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும். பெங்களூரில் இருக்கும் மனநல மருத்துவமனை நிமான்ஸ் 2015-16-ல் எடுத்த தேசியக் கணக்கில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநோய் இருந்தது, வியாதிக்கு வியாதி பார்த்தால் 70-லிருந்து 92 சதவீதம் பேருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை. கையில் போன் இருக்கிறவனுக்கு மூன்று நிமிஷத்தில் ஒரு வியாதிப் பெயர் கிடைக்கிறது. வைத்தியம் வேண்டியவன் குடியாத்தம் பக்கம் எங்கேயோ கட்டிப் போடப்பட்டிருக்கிறான். எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி, கண்ணு.

1980-ல் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் இப்போதைய வழி ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஒரே நோயாளியை நியூயார்க் டாக்டர் ஒரு பெயரில் எழுதுவார், லண்டன் டாக்டர் வேறு பெயரில் எழுதுவார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ராபர்ட் ஸ்பிட்சர் குழு ஒரு வழி செய்தது. காரணத்தைத் தேடாதே, அறிகுறியை எண்ணு. இத்தனையில் இத்தனை இருந்தால் இந்த வியாதி. இரண்டு டாக்டர் ஒரே பெயரை எழுத அது உதவியது, எங்களைப் போல எண் குறிக்கிறவர்களுக்கும் சுலபமாயிற்று. ஆனால் உனக்கு என்ன நடந்தது என்ற கேள்வி தாளிலிருந்து போய்விட்டது. ஒரே ஒரு துக்கத்துக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தார்கள், சாவுக்கு. நெருங்கியவர் செத்து இரண்டு மாதம் வரை மனச்சோர்வு என்று எழுதாதே என்று நான்காம் பதிப்பில் இருந்தது. 2013-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2022-ல் நீடித்த துக்கம் என்றே ஒரு வியாதியைச் சேர்த்தார்கள், பெரியவர்களுக்கு ஒரு வருஷம் கெடு. உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் ஆறு மாதம்தான்.

உன் ஆயாவை நினைத்துப் பார். தாத்தா போன பிறகு திண்ணையில் அவர் உட்காரும் மூலையில் ஒருத்தரையும் உட்கார விடமாட்டாள். சாயங்காலம் ஆனால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, காம்பு கிள்ளி, அந்த மூலையில் வைப்பாள். காலையில் அவளே எடுத்து மாட்டுக்குப் போடுவாள். தெவசம் வந்து போனது, அடுத்த தெவசமும் வந்தது, வெற்றிலை நிற்கவில்லை. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. பால் கறந்தாள், களை எடுத்தாள், உன்னைத் தூக்கி வளர்த்தாள். ஊர் வழக்கத்துக்கு மீறியிருந்தால்தான் வியாதி என்று அந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போனில் வரும் டெஸ்ட்டுக்கு எந்த ஊர் வழக்கம் தெரியும்?

ராணிப்பேட்டைக்காரர்கள் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொன்னாய். நான் எடுக்கவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கவனம் நிற்கவில்லை, எடுத்த வேலை முடியவில்லை, நாலு பேர் நடுவில் நிற்கக் கூசுகிறது என்கிறாயாமே, இது தை மாதத்துக்கு முன்னால் இருந்ததா? கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு அப்படி ஒரு காரியம் நடந்தால் எந்தப் பெண்ணுக்குக் கவனம் நிற்கும்? அந்தத் தாளில் இதைக் கேட்டார்களா? கவுன்சலரிடம் நீயாவது சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். என் பழைய புத்தகத்தில் எஃப் 43 என்று ஒரு பிரிவு உண்டு. வாழ்க்கையில் ஏதோ ஒன்று நடந்து, அதனால் மனசு கலங்கினால் அங்கேதான் குறிக்க வேண்டும். என்ன நடந்தது என்று கேட்காமல் அந்த எண்ணைப் போடவே முடியாது. அந்தப் பிரிவில் எஃப் 43.2 என்று ஒன்று, பெரும்பாலும் ஆறு மாதத்தில் தணிந்துவிடும் என்று புத்தகமே சொல்கிறது. உனக்கு அதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. யாராவது அதைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

நீ என்ன சொல்வாய் என்றும் யோசித்தேன். "உங்க சுகருக்கு மட்டும் எண் மாறலையா நைனா?" என்பாய். மாறியது. வெறும் வயிற்றில் 140 என்று இருந்ததை 1997-ல் 126 ஆக்கினார்கள், ஒரே நாளில் எத்தனையோ பேர் சர்க்கரைக்காரர்கள் ஆனார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ரத்தம் எடுத்துப் பார்க்க ஒன்று இருக்கிறது. உன் டெஸ்ட்டில் நீ அன்றைக்கு எந்த மனசோடு உட்கார்ந்து டிக் போட்டாயோ அதுதான் ரத்தம். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்து போட்டிருந்தால் எல்லாமே ஆமாம் என்றுதான் வரும். சாப்பிட்டாயா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்காகத்தான். மணி சொன்னான், நீ மெலிந்துவிட்டாயாம். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில பசியைக் குறைக்கும், தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே பசியும் தூக்கமும் இல்லாதவளுக்கு அது எதற்கு என்று டாக்டரிடம் கேள். வேறு ஏதாவது மாத்திரை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் என் கடிதத்தைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தாதே, அது ஆபத்து. டாக்டரைக் கேட்டுத்தான் எதுவும்.

இன்னொன்று. ஏ.டி.எச்.டி.க்கு அந்த அமெரிக்கக் கையேட்டில் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. பதினேழு வயது ஆனவர்களுக்கு ஒன்பது அறிகுறியில் ஐந்து போதும் என்று 2013-ல் தளர்த்தினார்கள், ஆனால் பன்னிரண்டு வயதுக்கு முன்னாலேயே பல அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் நீ எப்படி இருந்தாய் என்று உன்னால் எப்படிச் சொல்ல முடியும்? அதற்கு நானும் அம்மாவும்தான் சாட்சி. டிபன் பாக்ஸைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருவாய். கூப்பிட்டால் காதில் விழாது. அதையும் சொல்வேன். பாலாறு ஓடும் வழியை வரைபடத்தில் வரைய உட்கார்ந்தாயானால் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டாய், வாலாஜாவுக்குப் புள்ளி வைத்து அழித்து மறுபடி வைப்பாய். அதையும் சொல்வேன். அந்த ரெக்கார்டு நோட்டுகளைத் தலைமையாசிரியை வகுப்பு வகுப்பாக எடுத்துப்போய்க் காட்டினார்களே, அன்றைக்கு நான் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன், வழியில் எல்லோரிடமும் சொல்ல வேண்டுமே. பெண் பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்கு இருப்பது யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். உனக்கும் அப்படி இருந்தால் இருக்கட்டும். விசாரித்து, கேட்டு, பார்த்து டாக்டர் சொன்னால் அந்தப் பெயரை நானும் ஏற்றுக்கொள்வேன், மாத்திரையை நானே எடுத்துத் தருவேன். விசாரிக்காமல் ஒட்டுகிற பெயரைத்தான் ஏற்க மாட்டேன்.

உன் ஊரிலேயே நிமான்ஸ் இருக்கிறது. அங்கே போவோம். காலையில் காட்பாடியில் பிருந்தாவன் ஏறினால் மத்தியானம் பெங்களூர். நான் வருகிறேன். டாக்டர் கேட்டால் உள்ளே வந்து பதில் சொல்வேன், கேட்காவிட்டால் வெளியே பெஞ்சில் இருப்பேன். ராணிப்பேட்டை விஷயத்தை நீ சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

அதுவரை ராத்திரி தனியாக இருக்காதே. அந்த ரூம்மேட் பெண் ஊருக்குப் போயிருந்தால் மணியை வந்து தங்கச் சொல். "எதுவுமே வேண்டாம்னு இருக்குடா" என்று அவனிடம் சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, அரசாங்கத்தின் டெலி மானஸ், பணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். போனில் போட்டு வை. என் நம்பர் உனக்குத் தெரியும், அதுவும் எந்த நேரமும்தான். சாப்பிடு.

மணி ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அம்மா பருப்புப் பொடியும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும் கொடுத்தனுப்புகிறாள், அவனையே சமைக்கச் சொல். அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று எழுது. எழுத முடியாவிட்டால் எந்த வாரம் டிக்கெட் போட வேண்டும் என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு.

உன் நைனா