செட்டியாரும் ஆச்சியும் வருகிறார்கள்

மதுரை
12.10.2025

அன்புள்ள கோமதி,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமா? மாசியில் நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசி பிறக்கப்போகும் நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வரும்போது திட்டிக்கொள். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அவருக்கு மழை வந்தால் மட்டும் மணிக்கட்டு வலிக்கிறது. உன் காராமணிச் சுண்டலில் இந்த ஆண்டாவது உப்பு இருந்ததா?

சேதிக்கு வருகிறேன். கொலுப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டேன். ஆமாம், நானேதான். நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி படிப்பாய் என்று தெரியும். படி. பதினொரு டிரங்குப் பெட்டிகளில் மொத்தம் 412 பொம்மைகள் இருந்தன. அவற்றில் வைத்துக்கொண்டது 31. 1979இல் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்த ஆண்டுதான் முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன். அதுவரை எண்ணினால் குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குச் சொல்லவில்லை. அவர் விழுந்ததைச் சொன்னேனே தவிர, எப்படி விழுந்தார் என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. போன ஆண்டு மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு ஏணியில் ஏறி, பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. தசாவதாரம் இருக்கும் பெரிய பெட்டி அவர் கையில் சரிந்தது. பெட்டியை விட்டுவிட்டுப் பரணின் விளிம்பைப் பிடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன தெரியுமா? “பொம்மை உடைந்துவிட்டதா?”

தரையில் கிடந்தபடி அவர், “உடையவில்லை விசாலம், ஒன்றும் உடையவில்லை” என்றார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அந்தக் கேள்வியை அவர் இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி என் வாயில் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, அதே குரலில் நான் முன்பும் ஒருமுறை கத்தியது நினைவுக்கு வந்தது.

1991. உன் மீனுவுக்கு அப்போது ஐந்து வயது. என் கொலுவில் செட்டியார் கடையில் இருந்த அந்தச் சின்னத் தராசைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். பக்கத்தில் இருந்த ஆச்சி பொம்மை சாய்ந்து அதன் வலது கை போயிற்று. நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன், உனக்கு மறந்திருக்காது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்குகூட வாங்கிக்கொள்ளாமல் போனாய். அதற்குப் பிறகு நீ என் வீட்டுக் கொலுவுக்கு வந்தாய், மீனு வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நான், “மீனு எங்கே?” என்று கேட்பேன். நீ, “பரீட்சை” என்பாய். நவராத்திரியில் என்ன பரீட்சை, காலாண்டு விடுமுறை அல்லவா? எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் உன் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தபோது உன் பொம்மைகள் எல்லாம் போயின. காகிதக்கூழ் பொம்மைகள் ஊறிப் பிளந்துவிட்டன, மண் பொம்மைகள் வண்ணம் உரிந்து முகமில்லாமல் கிடந்தன, எல்லாவற்றையும் கூடையில் அள்ளித் தெருவோரம் கொட்டினேன் என்று தொலைபேசியில் சொன்னாய். நான் உடனே, “கவலைப்படாதே, என்னிடம் இருப்பதில் பாதி உனக்கு” என்றேன். மனதாரத்தான் சொன்னேன், கோமதி. பொங்கலுக்குள் பெட்டியைத் திறந்தேன். எதை எடுத்தாலும் ஒரு செட் குலைந்தது. கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரரை எடுத்தால் தவில்காரர் தனியாக நிற்பார். மூடிவிட்டேன். நீ கேட்கவே இல்லை. அடுத்த நவராத்திரிக்கு ஒரு பலகை, ஒரு கலசம், ஒரு மரப்பாச்சி ஜோடி என்று வைத்து விளக்கேற்றினாய். நான் பத்து ஆண்டு சும்மா இருந்தேன்.

இந்தத் தைமாதம் முற்றத்தில் பாய் விரித்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒரே மாதத்தில் முடிக்க நினைத்தது சித்திரைவரை இழுத்தது. நாப்தலின் வாடையும் காய்ந்த வேப்பிலைத் தூளும் தும்மலுமாக வீடு கிடந்தது. சுற்றியிருந்த தாள்களை வேறு படித்துக்கொண்டிருந்தேன். கபில்தேவ் கோப்பையோடு நிற்கும் 1983 ஜூன் தாள் ஒன்றில் கிரிக்கெட் செட்டின் நடுவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவனுக்கு அப்போது மூன்று வயது, அவன் அழுதான் என்று வாங்கியது. அவனிடமே முதலில் கேட்டேன். “அம்மா, எங்கள் பெங்களூர் வீட்டில் பரணே கிடையாது” என்றான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இல்லாத பரணை அவன் எங்கிருந்து கொண்டுவருவான்?

உடைந்தவை மட்டும் 23 இருந்தன. பின்னமானதைப் படியில் வைக்கக் கூடாது, ஆனாலும் தூக்கிப்போட மனம் வராமல் துணியில் சுற்றிச் சுற்றி வைத்திருந்திருக்கிறேன். அவற்றை ஆட்டோவில் வைத்துக்கொண்டு விளாச்சேரிக்குப் போனேன். நாம் புகுமுக வகுப்பில் திருப்பரங்குன்றம் போய்விட்டு அந்த ஊருக்கு நடந்து போய், தெரு முழுக்க வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பிள்ளையார்களைப் பார்த்தோமே, இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அச்சும் களிமண்ணும் வண்ணக் கிண்ணங்களுமாக வீட்டுக்கு வீடு வேலை நடக்கிறது. எனக்கு வழக்கமாகச் செய்து தரும் வேளாரிடம்தான் பேசினேன். சரி செய்யக்கூடியவை எட்டு என்று பிரித்தார், மற்றவற்றை அவரே எடுத்துக்கொண்டார். பழைய முகங்களைப் பார்த்து அச்சு செய்ய உதவுமாம்.

பேச்சோடு பேச்சாக அவரிடம் என் மனதில் இருந்ததைக் கேட்டேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அப்படி வாங்கிக்கொண்டே போனால் ஒரு வீடு எத்தனையைத் தாங்கும்? என் மாமியார் விட்டுப்போனது 120. அதற்கு மேல் நான் வாங்கிச் சேர்த்தது முந்நூறுக்குப் பக்கம். ஒன்று வாங்கப் புதுமண்டபத்துக்குப் போய் ஒரு செட்டோடு வருவேன், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அப்படித்தான். அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “முன்பெல்லாம் பெண் கல்யாணமாகிப் போகும்போது பாதிப் பொம்மை கூடவே போகும், அம்மா. கூட்டுக் குடும்பம் பிரியும்போது கொஞ்சம் போகும். பிள்ளைகள் விளையாடி உடைப்பது கொஞ்சம். வருவதும் போவதுமாக இருக்கும். இப்போது வருவது மட்டும்தான்.”

ஆட்டோவில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பெண் இல்லை. பிள்ளைகள் இருவரையும் படிப்பக்கம் விட்டதில்லை, பிறத்தியார் குழந்தையை விரட்டினேன். அப்புறம் எப்படிக் குறையும்? வாங்கு என்று சொன்ன மாமியார், கொடுக்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு கை வேகமாக ஓடியது. மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு இது தலை நவராத்திரி. இரும்புப் படியும் தசாவதாரமும் அவளுக்குப் போயின. அவர் மணிக்கட்டை வாங்கிய பெட்டி அது. அதை அவரே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன் என்று அடம்பிடித்தார், நான் விடவில்லை. நான் 29 ஆண்டு வேலை பார்த்த பள்ளிக்குத் தலைவர்கள் செட் போயிற்று. செக்கிழுக்கும் வ.உ.சி.யை வரலாற்று ஆசிரியை தன் வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறாள். காய்கறிக்காரி, பாம்பாட்டி, கரடி, ஒட்டகம் எல்லாம் தெருமுனை அங்கன்வாடிக்குப் போயின. மறுவாரம் போய்ப் பார்த்தேன். ஒட்டகத்தின் கழுத்தில் ஒரு பொடியன் ரிப்பன் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். நெஞ்சு திக்கென்றது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒட்டகம் முப்பது ஆண்டுகளாக என் ஐந்தாம் படியில் நின்றது, இப்படி ஒருவரும் அதனோடு பேசிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை.

பித்தளை அண்டாக்களும் குத்துவிளக்குகளும்கூடப் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எடைக்குப் போட்டோம். ஈயச் சொம்பைக் கொடுக்கவில்லை, அதைப் பற்றி நீ பேசவே கூடாது. ரசம் ரசம்தான்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எண்ணிவிடாதே. நாத்தனார் என்னோடு பேசுவதில்லை. “எங்கள் அம்மா கையால் துடைத்து வைத்ததை ஊருக்கு வாரி இறைத்துவிட்டாய்” என்றாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும். அதில் தவறு என்னுடையது. அத்தையின் கிருஷ்ணர் ஊஞ்சலை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. இது எப்போது சரியாகும் என்று தெரியவில்லை, கோமதி. இரவில் விழிப்பு வந்தால் இதுதான் நினைவுக்கு வருகிறது.

நவராத்திரியின் முதல் நாள் இரவு நான் அழுததும் உண்மை. கூடத்தில் ஒன்பது படி எழும்பும் இடத்தில் மூன்று படிதான். அதற்கு மேல் வெறும் சுண்ணாம்புச் சுவர். கலசம், மரப்பாச்சி ஜோடி, அத்தையின் பிள்ளையார், உன் கல்யாணத்துக்குப் போனபோது தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டி, இந்த ஆண்டு விளாச்சேரியில் வாங்கிய பானை வனையும் பொம்மை, இன்னும் கொஞ்சம். அவர் காபி கலந்து கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம்தான் வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் நான்கு நாள் அடுக்கிக் களைத்து, வந்தவர்களுக்குச் சுண்டல் மடித்துக் கொடுத்தபடி, யாருடைய குழந்தை எதைத் தொடுகிறது என்று கண்ணை அங்கேயே வைத்திருப்பேன். வந்த பெண்களின் முகம் எனக்கு நினைவிருக்காது. இந்த ஆண்டு இரண்டு மணி நேரத்தில் அடுக்கி முடித்தாயிற்று. பாயில் எல்லோரோடும் உட்கார்ந்தேன். மாடிப் பெண்ணுக்கு இவ்வளவு நல்ல குரல் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். எதிர்வீட்டுப் பாட்டி தன் ஊர்க் கதையை ஒரு மணி நேரம் சொன்னாள். ஒரு குழந்தை மரப்பாச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டியிருந்த பாவாடையை அவிழ்த்து மறுபடி தலைகீழாகக் கட்டியது. அதன் அம்மா பதறினாள். நான், “இருக்கட்டும், விளையாடட்டும்” என்றேன். அந்த நிமிடம் எனக்கு மீனுவின் முகம்தான் தெரிந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். செட்டியாரையும் ஆச்சியையும் நான் வைத்துக்கொள்ளவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தனியாக எடுத்து வைத்திருந்தேன். தராசு, அரிசி மூட்டை, மிளகாய்த் தட்டு, எல்லாம் இருக்கிறது. ஆச்சியின் கையை அப்போது அவர் எம்-சீல் வைத்து ஒட்டியது உனக்கு நினைவிருக்கும். வேளார் அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்திருக்கிறார். பழைய பண்ருட்டி வண்ணத்துக்கு இந்த வண்ணம் சரியாகப் பொருந்தவில்லை, கொஞ்சம் சிவப்பு தூக்கலாக இருக்கும். மீனுவின் பெண்ணுக்கு இப்போது ஆறு வயது அல்லவா? அவள் கையில் கொடு. அலமாரியில் வைத்துப் பூட்டாதே. கடை வைத்து விளையாடட்டும். மீனுவிடம் விசாலம் பெரியம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். இல்லை, நீ சொல்ல வேண்டாம், எண்ணை அனுப்பு, நானே பேசுகிறேன்.

பெட்டிகள் போன பின்னறையில் ஒரு ஜன்னல் இருந்ததையே மறந்திருந்தோம். தச்சரைக் கூப்பிட்டுத் திறந்து, கட்டில் போட்டிருக்கிறது. கொசுவலையும் வாங்கியாயிற்று. தை பிறந்ததும் பத்து நாளாவது வந்து தங்கு. நாத்தனாரை எப்படிச் சமாதானம் செய்வது என்று உன்னோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சின்னவனின் மைத்துனர் வருகிற வியாழக்கிழமை வைகையில் வருகிறார். அட்டைப்பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டியிருக்கிறேன், மடியிலேயே வைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஸ்டேஷனுக்கு யாரும் போக வேண்டாம், அவரே உன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். ஒரு வாய் காபி கொடு, சர்க்கரை இல்லாமல்.

உன்
விசாலம்