டைட்டானியம் துண்டுகளில் பொடி அடைத்திருப்பது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், உலோக 3டி பிரிண்டிங் பிரிவு

ஐயா,

சென்ற மாதம் எலும்பு இம்ப்ளான்ட் ஆய்வுக்காக 12 டைட்டானியம் துண்டுகளை உங்களிடம் அச்சிடக் கொடுத்தோம். 10 மி.மீ. கனசதுரம், ஜைராய்டு வடிவம் (உள்ளே துளைகள் ஒன்றோடொன்று இணைந்து வளைந்தோடும் அமைப்பு), 500 மைக்ரான் துளை, 70 சதவீதம் வெற்றிடம். பணமும் முழுதாகக் கட்டியாயிற்று.

பெட்டியைத் திறந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளிப்பக்கம் அவ்வளவு சுத்தம். தராசில் வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. இந்த டைட்டானியம் உலோகக் கலவையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.43 கிராம். அதில் 30 சதவீதம்தான் உலோகம் என்றால் ஒரு துண்டு 1.33 கிராம் இருக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம், சரி. வந்தவற்றில் ஒன்றுகூட 1.6 கிராமுக்குக் குறையவில்லை. ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் தட்டினேன். அச்சிடும்போது உருகாமல் மிஞ்சிய சாம்பல் நிற உலோகப் பொடி உதிர்ந்தது. ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் தொட்டியில் அரை மணி நேரம் போட்டும் எடை 1.5க்குக் கீழே இறங்கவில்லை. கடைசியில் அதைக் குறுக்கே அறுத்தோம். ஓரத்துத் துளைகள் திறந்திருக்கின்றன. நடுவில் பொடி கெட்டிப்பட்டு அடைத்துக் கிடக்கிறது.

போனில் கேட்டதற்கு உங்கள் ஊழியர், "காத்து அடிச்சா வந்துடும் சார்" என்றார். வராது. காரணம் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது: முதல் நாள் ஃபர்னஸில் 800 டிகிரியில் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (அச்சிட்டபோது உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்தும் சூடேற்றல்), மறுநாள் பொடி நீக்கம். பொடியை எடுக்காமல் ஃபர்னஸில் வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

எலும்பு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளத்தான் துளை. அதோடு, முழு டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கே 20ஐ ஒட்டித்தான். விறைப்பான உலோகம் பாரத்தையெல்லாம் தானே தாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு மெலிந்துபோகும். அதைக் குறைக்கவும் துளைதான் வேண்டும். அடைத்துக் கிடக்கும் துண்டை அழுத்திப் பார்த்து நாங்கள் என்ன எண்ணை எழுதுவது? செல் வளர்ப்புச் சோதனையில் பொடி உதிர்ந்தால் அதுவும் வீண்.

அப்புறம், பில்லில் இ.எல்.ஐ. தரம், அதாவது ஆக்சிஜன் போன்றவை மிகக் குறைவாக உள்ள தரம் என்று போட்டிருக்கிறீர்கள். ஆக்சிஜன் 0.13 சதவீதத்துக்குள் இருப்பதற்கான சான்று வரவில்லை.

12 துண்டுகளையும் உங்கள் செலவில் மறுபடி அச்சிட்டு, ஃபர்னஸுக்கு முன்பே பொடியை எடுத்து, ஒவ்வொன்றின் எடையையும் குறித்து, சான்றோடு அனுப்புங்கள். 15 நாளில் முடியாதென்றால் பணத்தைத் திருப்பிவிடுங்கள். அறுத்த துண்டின் படங்களை இணைத்துள்ளேன். ஆள் அனுப்பினால் நேரிலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்