ஈரோடு பேருந்து நிலையத்தில் எங்கள் பெரியப்பாவைக் காத்தவர்களுக்கு நன்றி

நினைவு தடுமாறி வீட்டை விட்டுப் போய்விட்ட எங்கள் பெரியப்பாவைத் தாராபுரம் பக்கமெல்லாம் நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் ஈரோடு பேருந்து நிலையத்தில், சடைபிடித்த தாடியும் காலில் புண்ணுமாகப் படுத்துக் கிடந்திருக்கிறார். யாரும் சொல்லாமலே அவரை எழுப்பி உட்காரவைத்து, முடி திருத்திக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்திட்டு, புது வேட்டி கட்டிவிட்டு, காவல் நிலையத்திலும் தகவல் சொல்லி வீடற்றோர் காப்பகத்தில் சேர்த்த அன்பர்களே, உங்கள் பெயரை எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்களாமே!

ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. வீதியில் கிடப்பவரை அதன் வாசல்வரை கொண்டு சேர்க்க உங்களைப் போன்றவர்கள்தாம் வேண்டியிருக்கிறது. திங்கள் இரவு கூடும் ஜவுளிச் சந்தையில் கடை கடையாக உண்டியல் ஏந்தி இதற்குப் பணம் திரட்டுகிறீர்கள் என்று காப்பகப் பொறுப்பாளர் சொன்னார். அவர் காட்டிய உங்கள் கணக்கு நோட்டில் பிளேடு, சோப்பு, வேட்டி என்று செலவும், டீக்கடைக்காரர் ஒருவர் போட்ட பத்து ரூபாயும் தனித்தனி வரியில் இருந்தன. (எங்கள் ஊர் நோம்பி, அதாவது திருவிழாக் கணக்கைக்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை.)

அடுத்த சந்தைக்கு உங்களோடு உண்டியல் ஏந்த நானும் என் தம்பியும் வருகிறோம்; எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் காப்பகத்தில் சொல்லிவையுங்கள்.